முந்நூறு ரூபாய்க்கு ஒரு சந்தேகம்: சாமநத்தம் கண்மாய்ப் பறவை நடை

மதுரையின் தென்கிழக்கே, சுற்றுச்சாலைக்கு அப்பால் இருக்கிறது சாமநத்தம் கண்மாய். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கே பறவை பார்க்க அழைத்துச் செல்கிறார் ஓர் இளைஞர். தலைக்கு முந்நூறு ரூபாய். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி. பைனாகுலர் அவரே தருகிறார். காலை ஆறேகாலுக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும் என்று சொல்கிறார். நாங்கள் போன அன்று முடிந்தது பதினொன்றுக்கு. அந்தக் கூடுதல் ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நடையை நடத்துபவரின் பெயரை எழுதாதது அவர் கேட்டுக்கொண்டதால்தான். பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் கரையில் நடப்பது ஊர்வலமாகிவிடும் என்பது அவர் கருத்து. ஏற்கெனவே அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் ஆட்கள் வருகிறார்கள். வேண்டுபவர்கள் ஞாயிறு விடியலில் கரைக்குப் போனால், தோளில் தொலைநோக்கி முக்காலியைச் சாய்த்துக்கொண்டு நிற்கும் அவரைக் கண்டுகொள்ள முடியும். நான் இனி அவரை வழிகாட்டி என்றே குறிப்பிடுகிறேன். அவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். என்னை "சார்" என்றார், நான் "தம்பி" என்றேன். கூட வந்த என் தங்கை மகளுக்கு அவர் முதல் பத்து நிமிடத்திலேயே "அண்ணே" ஆகிவிட்டார்.

மார்கழி கடைசி ஞாயிறு அது. நாங்கள் ஒன்பது பேர். கண்மாயில் முக்கால் பங்கு நீர் நின்றது. வடகிழக்குப் பருவமழை ஓரளவு பெய்த ஆண்டுகளில் இங்கே எதையெல்லாம் எதிர்பார்க்கலாமோ அவை எல்லாம் இருந்தன: நாமக்கோழிகள் கூட்டமாக, நீலத்தாழைக்கோழிகள் கரையோரக் கோரையில், நடுநீரில் ஊசிவால் வாத்துகள், கருவேல மரங்களின் உச்சியில் மஞ்சள் மூக்கு நாரைகள், நாலைந்து கூழைக்கடாக்கள். இவற்றை நின்று விவரிக்கப் போவதில்லை. பெரிய பறவைகளைக் காட்டுவதற்கு வழிகாட்டி தேவையில்லை. கரையில் நின்றாலே தெரியும். வழிகாட்டியும் அப்படித்தான் நினைக்கிறார் போலும். தொலைநோக்கியை முக்காலியில் பூட்டி எல்லோரையும் ஒரு முறை பார்க்கச் சொன்னார், வாத்துகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதினார், அரை மணி நேரத்தில் நீரைவிட்டு எங்களைத் திருப்பி, உபரி நீர் வழியும் கலுங்குப் பக்கம் அழைத்துப் போனார். படம் எடுக்க வந்திருந்த இருவருக்கு அதில் வருத்தம். கூழைக்கடாவை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது.

கலுங்கைத் தாண்டியதும், மறுகால் ஓடும் வாய்க்காலின் இரு பக்கமும் முள் மரங்கள். ஒரு பக்கம் நாட்டுக் கருவேலம், மறுபக்கம் சீமைக் கருவேலம், இடையிடையே ஆவாரஞ்செடியும் காட்டாமணக்கும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவின் பேரில் 2017-இல் தென்மாவட்டங்கள் எங்கும் சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கிய நாட்கள் நினைவிருக்கலாம். பிடுங்கிய இடங்களில் பல மீண்டும் தழைத்துவிட்டன. நிலத்தடி நீருக்கு அது பகை என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் வடக்கேயிருந்து வரும் சின்னக் குருவிகளுக்கு அது யார் கொண்டுவந்த மரம் என்ற கவலை கிடையாது. பொடி இலைக்கிடையே புழுவும் சிலந்தியும் கிடைத்தால் அவற்றுக்குப் போதும். "இங்கேதான் இன்னிக்கு வேலை" என்றார் வழிகாட்டி.

இந்த இடத்தில் பெயர் பற்றிய ஒரு சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். தமிழில் கதிர்க்குருவி என்ற ஒரே சொல்லை இரண்டு கூட்டத்துக்கும் வைத்திருக்கிறோம். ஆண்டு முழுவதும் நம் வயலிலும் வேலியிலும் நீண்ட வாலை ஆட்டிக்கொண்டு திரியும் சாதாக் கதிர்க்குருவியும் சாம்பல் கதிர்க்குருவியும் உள்ளூர்க்காரர்கள். புரட்டாசி, ஐப்பசியில் வந்து பங்குனி வாக்கில் திரும்பிப் போகும் நாணல் கதிர்க்குருவி, பச்சைக் கதிர்க்குருவி முதலானவை வேறு குடும்பங்களைச் சேர்ந்த விருந்தாளிகள். தமிழ்ப் பெயரை மட்டும் வைத்துக் குறிப்பெழுதினால் எந்தக் கூட்டம் என்று பிறகு தெரியாது. அதனால் பறவை பார்ப்பவர்கள் தங்களுக்குள் பிளைத், சைக்ஸ், பூட்டட் என்று அந்த வெள்ளைக்காரப் பெயர்களையே சுருக்கிச் சொல்கிறார்கள். வழிகாட்டியும் அப்படித்தான் சொன்னார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

குருவியை முதலில் பார்த்தவள் என் தங்கை மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அன்றுதான் முதல் முறையாக பைனாகுலரைக் கையில் எடுத்தாள். "மாமா, அந்த மரத்துல ஒண்ணு வாலை வெடுக் வெடுக்குனு ஆட்டுது" என்றாள். நான் பார்த்தபோது இலை அசைந்தது, குருவி இல்லை. வழிகாட்டி பார்த்தார். பிறகு ஏதும் பேசாமல் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். ஒரு நாட்டுக் கருவேலத்தின் மேல்பாதியில், வெளிப்புறக் கிளைகளில், சாம்பலும் மணலும் கலந்த நிறத்தில் ஒரு சிறிய குருவி இலைக்கொத்துக்குக் கொத்து தாவி மேய்ந்துகொண்டிருந்தது. எடையைக் கேட்டால் பத்து கிராம் அளவில்தான் இருக்கும். மார்பில் கோடு இல்லை, இறக்கையில் பட்டை இல்லை, தலையில் நிறம் இல்லை. பார்ப்பவர் மனத்தில் நிற்கும்படி அதனிடம் ஒன்றுமே இல்லை.

எங்களில் ஒருவர் கைப்பேசிச் செயலியைத் திறந்து, நிறத்தையும் அளவையும் இடத்தையும் கொடுத்து, நொடியில் விடை சொன்னார்: பிளைத் நாணல் கதிர்க்குருவி. தமிழகத்து முட்புதர்களில் குளிர்காலம் முழுவதும் மிகுதியாகக் காணப்படும் வலசைக் கதிர்க்குருவி அதுதான் என்பதால் செயலியின் ஊகத்தில் பிழையில்லை. அன்று காலையிலேயே புதருக்குள்ளிருந்து "டக், டக்" என்று அது கத்துவதை மூன்று இடங்களில் கேட்டிருந்தோம். வேறு வழிகாட்டியாக இருந்தால் "ஆமாம்" என்று சொல்லி அடுத்த மரத்துக்கு நகர்ந்திருப்பார். எனக்கும் அப்போது அதுவே போதும் என்றிருந்தது. பசி எடுக்கத் தொடங்கியிருந்தது.

இவர் நகரவில்லை. "பிளைத்தா இருக்கலாம். ஆனா வாலைப் பாருங்க" என்றார். அடுத்த ஒன்றரை மணி நேரம் நாங்கள் ஒரு வாலையும் ஓர் அலகையும் ஒரு புருவக்கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தோம். சொல்லும்போது அலுப்பாகத் தோன்றலாம். இவ்வளவு விறுவிறுப்பாக ஒரு காலைப்பொழுது எனக்குக் கழிந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

அவர் சொல்லிக்கொடுத்த முறை எனக்குப் பிடித்திருந்தது. குருவியின் பெயரைச் சொல்லி அதற்கு அடையாளங்களைக் காட்டவில்லை. அடையாளங்களை ஒவ்வொன்றாக எங்களையே சொல்லவைத்து, அவற்றைக் கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். முதலில் போனவை எளியவை. முதுகில் பச்சை சாயல் இல்லை, "சிஸ்விட்" என்ற அந்த இரட்டைக் குரலும் இல்லை. எனவே பச்சைக் கதிர்க்குருவி இல்லை. கன்னத்தில் கரிய திட்டு இல்லை, தொண்டை மட்டும் தனியே வெளுத்துத் தெரியவில்லை; எனவே சிறிய வெண்தொண்டைக் கதிர்க்குருவியும் இல்லை. வால் படிப்படியாக நீளவில்லை. எனவே உள்ளூர்க் கதிர்க்குருவிகள் எதுவும் இல்லை. இதெல்லாம் ஐந்து நிமிட வேலை.

பிறகு பிளைத். இங்கேதான் வால் வருகிறது. பிளைத்தின் வால் நுனி வட்டமாக முடியும். வாலுக்கு அடியில், வயிற்றிலிருந்து வாலை நோக்கி நீளும் வாலடி இறகுகள் நீளமாக இருக்கும். அதனால் பின்பகுதி கனமாகத் தெரியும். நாங்கள் பார்த்த குருவியின் வாலோ அளவுகோல் வைத்து நறுக்கியது போல நுனி சதுரமாக இருந்தது. வாலடி இறகுகள் குட்டையாக நின்றுவிட்டதால் வால் தனியே நீண்டு தெரிந்தது. வாலின் வெளிவிளிம்பில் வெளிறிய கோடு ஒன்று, அது பறந்து அடுத்த கிளைக்குப் போகும்போது மட்டும், ஒரு கணம் மின்னியது. பிளைத்தின் முதுகில் உள்ள ஆலிவ் கலந்த பழுப்பும் இதில் இல்லை. ஒன்பது பேரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் குறிப்பேட்டில் பிளைத்தின் மேல் கோடு போட்டார். ஒத்துக்கொள்ளாத ஒருவர் இருந்தார், செயலிக்காரர். அவருக்காகக் குருவி மறுபடி பறக்கும்வரை காத்திருந்தோம். அவரும் விளிம்பைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மிஞ்சியவை இரண்டு: பூட்டட், சைக்ஸ். இவை இரண்டும் நெருங்கிய உறவினர்கள்; இன்று இடூனா என்ற ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளன. சைக்ஸ் என்ற பெயர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்து, தக்காணத்துப் பறவைகளைப் பட்டியலிட்ட வில்லியம் ஹென்றி சைக்ஸின் நினைவாக வந்தது. 1832-இல் இந்தக் குருவியை அறிவியலுக்கு விவரித்தவர் அவர்தான். அறிவியல் பெயரில் அவர் வைத்த "ராமா" இன்றும் இருக்கிறது. அதன் பிறகு நெடுங்காலம் இதைத் தனி இனமாகப் பலரும் ஏற்கவில்லை. பூட்டட்டின் ஒரு கிளை என்றே புத்தகங்கள் எழுதின. பழைய கையேடுகளை வைத்திருப்பவர்கள் தேடினால் இரண்டும் ஒரே பத்தியில் அடங்கியிருப்பதைக் காணலாம். தனி இனமாகப் பிரித்தபோது களத்தில் நிற்பவர்களுக்குத் தலைவலி ஆரம்பமானது. முன்பு "பூட்டட்" என்று எழுதிவிட்டுப் போன இடத்தில் இப்போது எது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டும் இந்தியாவுக்கு வலசை வருபவை. இரண்டும் இலங்கை வரை போகக்கூடியவை. பூட்டட் ரஷ்யாவின் நடுப்பகுதியிலிருந்து மேற்குச் சீனா வரையிலான புல்வெளிகளில் இனப்பெருக்கம் செய்வது. சைக்ஸ் அதற்குத் தெற்கே, ஈரான், துர்க்மேனிஸ்தான், உஸ்பெகிஸ்தான், ஆப்கானிஸ்தான் என்று நீளும் வறண்ட நாடுகளின் ஆற்றோரப் புதர்களைச் சேர்ந்தது. தாஷ்கண்டிலிருந்து மதுரை நேர்கோட்டில் ஏறத்தாழ 3,600 கிலோமீட்டர் என்பதை வழிகாட்டி சொன்னபோது, அதுவரை அலுத்துக்கொண்டிருந்த படக்காரர் ஒருவர் கேமராவை மீண்டும் தூக்கினார்.

எது எது என்று பிரிக்கும் அடையாளங்கள் எல்லாம் "கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய" வகையைச் சேர்ந்தவை. சைக்ஸின் அலகு கொஞ்சம் நீளம், வால் கொஞ்சம் நீளம், நிறம் கொஞ்சம் குளிர்ந்த சாம்பல். பூட்டட்டின் அலகு குட்டை, கீழலகின் நுனிப்பக்கம் கரிய தீற்றல் இருக்கும். நிறத்தில் பழுப்பின் வெதுவெதுப்பு இருக்கும். புருவக்கோடு கண்ணைத் தாண்டியும் நீளும், அதன் மேல்விளிம்பில் மெல்லிய இருண்ட கோடு ஒன்று ஓடி அதை எடுத்துக்காட்டும். சைக்ஸின் புருவக்கோடு கண்ணை ஒட்டியே மங்கிப் போவதால் முகம் வெறிச்சென்று இருக்கும். மேயும் இடத்திலும் வேறுபாடு உண்டு: பூட்டட் செடிகொடிகளில் தாழ்வாக, சில நேரம் தரையில்கூட மேயும், சைக்ஸுக்கு மரத்தின் மேல்பகுதி பிடிக்கும். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்று அவர் இரண்டு முறை சொன்னார். பசித்த குருவி புத்தகம் படிப்பதில்லை என்பது அவர் வாதம்.

நிறம் பற்றி அவர் செய்தது இந்த நடையிலேயே நான் மிகவும் மதித்த காரியம். அப்போது மணி ஏழேகால். கிழக்கே கரைக்கு மேல் எழும்பிய சூரியனின் மஞ்சள் ஒளி மரத்தில் படிந்திருந்தது. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் குருவி இளஞ்சூடான பழுப்பு. இலை நிழலுக்குள் போனால் பச்சை தட்டியது. என் கண்ணுக்கு அது பூட்டட்டாகவே தெரிந்தது, சொல்லியும்விட்டேன். "இந்த வெளிச்சத்துல எல்லாமே பூட்டட்தான் சார்" என்றார். நிறத்தைப் பற்றி எட்டு மணிக்கு முன் எழுதுவதில்லை என்பது அவர் வழக்கமாம். சூரியன் ஏறி, ஒளி வெளுத்து, ஒரு மெல்லிய மேகமும் கடந்தபோது மறுபடி பார்த்தோம். பழுப்பு என்று நான் உறுதியாகச் சொன்னது, உலர்ந்த வண்டல் மண்ணின் சாம்பலாக மாறியிருந்தது. குருவி மாறவில்லை. நான் வெட்கப்பட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இடையில் ஒரு சிறு சச்சரவு. படக்காரர்களில் ஒருவர் கைப்பேசியில் சைக்ஸின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைக்கலாமே என்றார். வழிகாட்டி முகம் மாறியது. இவ்வளவு தூரம் பறந்து வந்து, திரும்பிப் போகக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய குருவியை, இல்லாத எதிரியைத் தேடி அலையவிடக் கூடாது என்றார். மறுப்பைச் சொன்ன விதம் கொஞ்சம் கடுமையாக இருந்தது. பணம் கொடுத்து வந்தவரிடம் இன்னும் பதமாகச் சொல்லியிருக்கலாம். விதி சரியானதுதான், ஆனால் நடை தொடங்கும் முன்பே அதை எல்லோருக்கும் சொல்லிவிட்டால் இந்த இடத்தில் முகம் கோண வேண்டியிருக்காது. அதோடு, குரலாலும் பெரிய பயன் இருந்திருக்காது: இந்த இரண்டு இனங்களும் குளிர்காலத்தில் எழுப்பும் "செக்" ஒலி ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானது. போதாக்குறைக்குக் கண்மாய்க்கு அக்கரையிலிருந்த கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளாடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். வழிகாட்டி அவரிடம் "அய்யா, இந்தக் குருவிய முன்னாடி பாத்திருக்கீங்களா" என்று கேட்டார். "நாலஞ்சு நாளா இந்த வேலமரத்துலதான் கெடக்கு தம்பி. ஆடு கீழ போனா மேல ஏறிக்கிரும்" என்றார். வழிகாட்டி அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதினார். பட்டியலில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஆட்டுக்காரரின் வாக்குமூலம் இடம்பெறுவதை நான் முதல் முறையாகப் பார்த்தேன். ஒரே மரத்தில் நாலைந்து நாள் என்றால் வழிப்போக்கராக இல்லாமல் குளிர்காலத்தைக் கழிக்க வந்த குருவியாக இருக்கலாம் என்பது அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பொருள். அடுத்த ஞாயிறும் இங்கேயே தேடிப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையும்கூட.

எட்டரைக்குப் பிறகு குருவி தாழ்ந்த கிளை ஒன்றுக்கு வந்து, எங்களுக்குப் பக்கவாட்டாக, ஏறக்குறைய பத்து நொடி உட்கார்ந்தது. இரண்டு கேமராக்களும் ஓயாமல் அடித்தன. அன்று எடுத்த படங்களில் பயன்பட்டவை மூன்று. ஒன்றில் அலகு முழுவதும் தெரிந்தது: நீளமாக, கீழலகு நுனி வரை வெளிறியே, கரிய தீற்றல் இல்லாமல். இன்னொன்றில் முகம்: கண்ணுக்கு முன்னால் மங்கிய வெளிறல், கண்ணுக்குப் பின்னால் ஒன்றுமில்லை, மேல்விளிம்புக் கோடும் இல்லை. மூன்றாவது கீழிருந்து எடுத்தது; சதுர வாலும் குட்டையான வாலடி இறகுகளும் அதில் தெளிவு. கேமராவின் சிறு திரையைச் சுற்றி எங்கள் தலைகளெல்லாம் கூடின. என் தங்கை மகள் "அப்போ சைக்ஸ்தானே அண்ணே" என்றாள். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"தொண்ணூறு சதம்" என்றார். அவ்வளவுதான்.

பறவைப் பதிவுகளுக்காக உலகெங்கும் பலர் பயன்படுத்தும் இ-பேர்ட் தளத்தில் அன்றைய பட்டியலை அவர் அங்கேயே ஏற்றினார். அதில் "பூட்டட் அல்லது சைக்ஸ்" என்று இரண்டையும் சேர்த்துப் பதியும் ஒரு வசதி இருக்கிறது, அதைத்தான் தேர்ந்தெடுத்தார். படங்களைப் பெரிய திரையில் பார்த்து, அனுபவம் உள்ள இருவரிடம் காட்டிய பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார். அந்தத் தளத்தில் ஓர் இடத்துக்கு அரிதான பறவையைப் பதிந்தால் அது தானாகவே தனியே நிறுத்தப்பட்டு, தன்னார்வலர்களாகப் பணிபுரியும் மதிப்பீட்டாளர்கள் படமும் விவரமும் கேட்பார்கள். அவர்கள் ஏற்ற பிறகுதான் பொதுப் பதிவில் சேரும். படக்காரர்களுக்கு இது ஏமாற்றம். "அரிய பறவை கண்டோம்" என்று அன்று மதியமே சொல்ல முடியவில்லையே என்ற குறை அவர்கள் முகத்தில் தெரிந்தது. எனக்கோ, கொடுத்த முந்நூறு ரூபாயில் பெரும்பங்கு இந்தப் பத்து சதச் சந்தேகத்துக்கே போகட்டும் என்று தோன்றியது. கண்டதும் பெயர் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. தெரிந்த பெயரை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஆதாரம் வரும்வரை நிற்கும் ஆள் கிடைப்பதுதான் அரிது.

இனிக் குறைகள். அவற்றையும் எழுதத்தான் வேண்டும்.

முதலாவது பைனாகுலர். எட்டு கருவிகள் வைத்திருக்கிறார். 8×42 அளவு (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.), தொடக்கக்காரர்களுக்குப் பொருத்தமான தேர்வுதான். ஆனால் அவற்றில் இரண்டில் கண்வில்லையைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் இறுகிப்போய் மடங்க மறுத்தது. என்னைப் போல் மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் வளையத்தை மடக்கினால்தான் முழுக் காட்சியும் கிடைக்கும். இல்லையேல் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது போல் நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரியும். ஒரு மணி நேரம் நான் அப்படித்தான் பார்த்தேன். வாலின் விளிம்பை மற்றவர்கள் பார்த்து வியந்தபோது நான் பார்க்காமலே தலையாட்டினேன். பிறகு ஒருவரிடம் மாற்றிக்கொண்டேன்.

இரண்டாவது, கழிப்பறை. கண்மாய்க் கரையில் எதுவும் கிடையாது, நாலேமுக்கால் மணி நேரம் நீண்ட நடை. இதற்கு வழிகாட்டி பொறுப்பில்லை என்றாலும், பெண்களும் முதியவர்களும் வருவார்கள் என்று தெரிந்தவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். திரும்பும் வழியில் ஓர் உணவகத்தில் நிறுத்தியபோதுதான் எங்கள் குழுவிலிருந்த அம்மாக்களுக்கு மூச்சு வந்தது.

மூன்றாவது, நேரம். ஒன்பதரைக்கு முடியும் என்று நம்பி, பத்து மணிக்கு ஒரு காதணி விழாவுக்குப் போக வேண்டிய ஒருவர் பாதியில் கிளம்பினார். அவர் கிளம்பிய சிறிது நேரத்தில்தான் குருவி கீழ்க்கிளைக்கு வந்தது. நீளக்கூடும் என்பதைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

சிற்றுண்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கட்டணத்திலேயே ஒரு டம்ளர் பருத்திப்பாலும் இரண்டு பணியாரமும் சேர்த்தி. பருத்திப்பாலில் சுக்கு தூக்கலாக இருந்தது. குளிரில் நின்று வந்தவர்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை.

யாருக்கு இந்த நடை பொருந்தும் என்று கேட்டால், ஒரே காலையில் அறுபது, எழுபது இனம் எண்ண வேண்டும் என்பவர்களுக்குப் பொருந்தாது. எங்கள் பட்டியல் நாற்பத்தொன்றில் நின்றது, அதில் ஒன்று முடிவாகாதது. படம் மட்டுமே எடுக்க விரும்புபவர்கள் தனியே கரையில் உட்கார்வது நல்லது. பிள்ளைகளை அழைத்துப் போகலாம். ஆனால் ஒரே மரத்தின் கீழ் ஒன்றரை மணி நேரம் நிற்கும் பொறுமை பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கே அதிகம் என்பதை அன்று கண்டேன். பொங்கல் நாட்களில் 2015 முதல் தமிழகத்தில் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு முன் ஒரு முறை இவருடன் நடந்தால், கணக்கெடுப்பில் எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்ற பழக்கம் கொஞ்சம் வரும். உடை பற்றி ஒரு சொல்: வாய்க்காலோரம் சீமைக் கருவேல முள் செருப்பைத் துளைக்கும். மூடிய காலணி வேண்டும்.

பன்னிரண்டு நாள் கழித்து வழிகாட்டியிடமிருந்து செய்தி வந்தது. படங்களைப் பார்த்தவர்கள் சைக்ஸ் என்றே கூறினார்கள். அலகின் நீளத்தையும் கீழலகின் நிறத்தையும் காரணமாகச் சொன்னார்கள். பட்டியலில் பெயரை மாற்றினார், மதிப்பீட்டாளரும் ஏற்றுக்கொண்டார். பார்த்தவர்கள் பட்டியலில் எங்கள் ஒன்பது பேரையும் சேர்த்திருந்தார், பாதியில் காதணி விழாவுக்குப் போனவரையும்கூட. முதலில் கண்டது யார் என்ற குறிப்பில் என் தங்கை மகளின் பெயரை எழுதலாமா என்று அவளுடைய அம்மாவிடம் அனுமதி கேட்டிருந்தார். பிள்ளையின் பெயர் பொதுவெளியில் வேண்டாம் என்று என் தங்கை சொல்லிவிட்டாள்; "ஒரு மாணவி" என்று எழுதியிருக்கிறார். அவளுக்கு அதில் இன்னும் கோபம் தீரவில்லை.

மாசி மாத நடை ஒன்றுக்கு இருவருக்கும் முன்பணம் கட்டியிருக்கிறேன். வளையம் மடங்கும் பைனாகுலர் ஒன்றை எனக்கென்று தனியே எடுத்துவைப்பதாகச் சொன்னார்.